சுவிஸின் குளிர்காலத்துக்கு எந்தக் கரண்ட்? அணு, அணை, வெயில், காற்று: ஓர் ஒப்பீடு

சுவிஸில் வாக்குரிமை உள்ள தமிழர்களின் தபால்பெட்டிக்கு இனி வரும் ஆண்டுகளில் மின்சாரம் பற்றிய வாக்குச்சீட்டு ஒன்றல்ல, பல வரும் என்று எதிர்பார்க்கலாம். புதிய அணுமின் நிலையம் கட்டுவதற்கான தடையை எடுக்கலாமா, ஐரோப்பிய ஒன்றியத்தோடு மின்சார ஒப்பந்தம் வேண்டுமா, நம் ஊர் மலைமேல் காற்றாலை நிற்கலாமா என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வியாகத்தான் வரும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஆமென்றும் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அளவுகோலால் அளந்தால்தான் எது முந்த வேண்டும், எது காத்திருக்கலாம் என்று பிடிபடும். என் அளவுகோல் இதுதான்: அக்டோபர் தொடக்கம் மார்ச் வரையான ஆறு மாதத்தில் எத்தனை யூனிட் தரும், அதை எந்த ஆண்டிலிருந்து தரும்.

ஏன் குளிர்காலம் மட்டும் என்று கேட்கலாம். கோடையில் இந்த நாட்டுக்கு மின்சாரப் பஞ்சமே கிடையாது. பனி உருகி ஆறுகள் பெருகும், கூரைகளில் வெயில் காயும், மிஞ்சியதை இத்தாலிக்கும் ஜேர்மனிக்கும் விற்கிறார்கள். சுவிஸின் மின் உற்பத்தியில் அறுபது சதவீதத்தை ஒட்டி நீரிலிருந்து வருகிறது, மூன்றில் ஒரு பங்கை ஒட்டி அணுவிலிருந்து வருகிறது. ஆனால் அந்த நீர் குளிர்காலத்தில் மலையில் பனியாக உறைந்து நின்றுவிடும், ரைன் நதியிலும் ஆரே நதியிலும் ஓட்டம் குறையும், அப்போது கைகொடுப்பது மலையேரிகளில் தேக்கி வைத்த நீர்தான். எல்லா ஏரிகளும் நிரம்பினால் சுமார் 900 கோடி யூனிட்டுக்குத் தேறும். செப்டெம்பர் கடைசியில் நிரம்பி நிற்கும் அது ஏப்ரலில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். நாட்டின் ஆண்டுத் தேவை 5,700 கோடி யூனிட்டை ஒட்டியது, அதில் பாதிக்கு மேல் குளிர்கால ஆறு மாதத்தில் போகிறது. பற்றாக்குறையைப் பக்கத்து நாடுகளிடம் வாங்கித்தான் நிரப்புகிறார்கள். வீடுகளைச் சூடாக்கும் வெப்பப் பம்பும் மின்கார்களும் கூடக்கூட இந்தப் பள்ளம் ஆழமாகத்தான் போகும்.

இப்போது அணுவைப் பார்ப்போம், ஏனென்றால் சண்டை அதில்தான் பெரிது.

ஓடக்கூடிய உலைகள் நான்கு. ஆர்காவ் மாநிலத்தில் பெட்ஸ்னாவில் இரண்டு, தலா 365 மெகாவாட். சோலோதூர்ன் மாநிலத்தில் கோஸ்கன், 1,010 மெகாவாட். ரைன் கரையில் லைப்ஸ்டாட், 1,220 மெகாவாட். ஐந்தாவதான மியூலபேர்க் 2019 டிசம்பரில் மூடப்பட்டது. நான்கும் தடையில்லாமல் ஓடினால் குளிர்கால ஆறு மாதத்தில் 1,300 கோடி யூனிட் என்று கணக்கு வரும். மலையேரிகள் அத்தனையும் சேர்ந்து கொடுப்பதைவிட இது அதிகம். அணுவை எதிர்ப்பவர்கள் இந்த எண்ணைக் கண்டும் காணாமல் போகக்கூடாது. அந்த 1,300 கோடி யூனிட்டுக்கு மாற்று வைக்காமல் நாளைக்கே மூடு என்று சொல்வது பொறுப்பான பேச்சாகாது. 2016-ல் 45 ஆண்டு ஓடிய உலைகளை மூடச் சொல்லும் முன்மொழிவை 54 சதவீதம் மக்கள் நிராகரித்தார்கள், சரியாகத்தான் செய்தார்கள்.

அதே நேரத்தில் இந்த உலைகளின் வயதையும் பார்க்க வேண்டும். பெட்ஸ்னாவின் முதல் உலை 1969-ல் ஓடத் தொடங்கியது, உலகின் மிகப் பழைய உலைகளில் ஒன்று. அதன் அழுத்தக் கலத்தின் எஃகுச் சுவரில் நுண்ணிய குறைகள் தென்பட்டதால் 2015 மார்ச் முதல் 2018 மார்ச் வரை மூன்று ஆண்டு நிறுத்தியே வைத்திருந்தார்கள். அதை நடத்தும் ஆக்ஸ்போ நிறுவனம் இரண்டாம் உலையை 2032-லும் முதலாவதை 2033-லும் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. கோஸ்கனின் கதை இன்னும் பாடமானது. ஓல்டனுக்குப் பக்கத்தில் திரிம்பாக் மனோன்மணி அம்பாள் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அந்த நிலையத்தின் 150 மீட்டர்க் குளிர்கோபுரமும் அதிலிருந்து எழும் வெள்ளை ஆவியும் நன்றாகத் தெரிந்த காட்சி. 2025 மே மாதம் வருடாந்தப் பராமரிப்புக்கு நிறுத்தினார்கள், நீர்க்குழாய் அமைப்பில் பாதுகாப்பை உறுதிப்படுத்த வேண்டிய பிரச்சினை வெளியே வந்தது, அந்த ஆண்டு முடியும் வரை உலை திரும்ப ஓடவே இல்லை. ஒரே இடத்தில் ஆயிரம் மெகாவாட் இருந்தால், ஒரே கோளாறில் ஆயிரமும் போகும் என்பதை அந்தக் குளிர்காலம் காட்டியது. கோடையிலும் அணு முழுக்க நம்பத்தகுந்ததாக இல்லை. பெட்ஸ்னாவுக்குக் குளிர்கோபுரம் கிடையாது, ஆரே நதி நீரிலேயே நேரடியாகக் குளிர்விக்கிறார்கள். நதியின் வெப்பம் 25 பாகையைத் தொட்டால் மீன்களுக்காக உற்பத்தியைக் குறைக்க வேண்டும், சில கோடைகளில் நிறுத்தவே வேண்டி வந்திருக்கிறது.

ஆக, இருக்கிற அணு உலைகளைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அனுமதிக்கும் வரை ஓட்டலாம், அதுவரைதான் ஓட்டலாம். புதிதாகக் கட்டுவது வேறு விஷயம்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணு விபத்துக்குப் பிறகு எடுத்த முடிவை 2017 மே மாதம் மக்களிடம் வைத்தார்கள், 58 சதவீதம் ஆதரவோடு புதிய அணு நிலையங்களுக்குத் தடை சட்டமானது. இப்போது அந்தத் தடையை எடுக்க வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது, அரசும் அதற்கு எதிர்யோசனையாகத் தடையைச் சட்டத்திலிருந்து எடுக்கும் யோசனையை முன்வைத்திருக்கிறது. தடையை எடுத்தாலே நிலையம் முளைத்துவிடாது. பக்கத்து நாட்டைப் பாருங்கள். பிரான்ஸின் ஃப்ளமான்வில் மூன்றாம் உலையை 2007-ல் கட்டத் தொடங்கினார்கள், மின்வலைப்பின்னலில் இணைந்தது 2024 டிசம்பரில். 330 கோடி யூரோ என்று தொடங்கிய செலவு கட்டும் நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலேயே 1,320 கோடிக்குப் போனது. அணுவில் அத்தனை அனுபவம் உள்ள பிரான்ஸுக்கே பதினேழு ஆண்டு. ஃபின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ மூன்றாம் உலைக்கும் இதே கதை, 2005-ல் தொடங்கி 2023-ல்தான் வழமையான உற்பத்திக்கு வந்தது. சுவிஸில் இதற்கு முன்னால் அனுமதிகளும், அதன்மேல் வாக்கெடுப்பும், நீதிமன்றமும் இருக்கின்றன. பாசலுக்குப் பக்கத்தில் கைசராக்ஸ்ட்டில் கட்டவிருந்த நிலையத்தின் நிலத்தை 1975-ல் மக்கள் புகுந்து உட்கார்ந்து மறித்தார்கள், 1988-ல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. பெரிய மின் நிறுவனங்களும் அரசின் உத்தரவாதம் இல்லாமல் புதிய உலையில் முதலிட முடியாது என்றுதான் சொல்கின்றன. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் புதிய உலையின் முதல் யூனிட் 2050-ஐ ஒட்டித்தான் வரும். பெட்ஸ்னா மூடப்போவதோ 2032, 2033-ல். இடையில் உள்ள குளிர்காலங்களுக்கு அது உதவாது என்பதுதான் என் எதிர்ப்புக்கு முதல் காரணம், கழிவு இரண்டாவது காரணம். கழிவைப் புதைக்க சூரிச் மாநிலத்தின் ஸ்டாடெல் ஊரை ஒட்டிய இடத்தை 2022-ல் தேர்ந்தெடுத்தார்கள், பல நூறு மீட்டர் ஆழத்தில் களிமண் பாறைக்குள். அந்த வேலையே பல பத்தாண்டு எடுக்கும்.

அடுத்தது அணைக்கட்டு. எனக்கு இந்த நாட்டின் பொறியியலில் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

வாலிஸ் மாநிலத்தில் கிராந்த் டிக்சான்ஸ் அணை 285 மீட்டர் உயரம், தன் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்கும் அணைகளில் உலகிலேயே உயரமானது, 1961-ல் முடித்தார்கள். அந்த ஏரியின் நீர் பியுட்ரோன் மின்நிலையத்துக்கு 1,883 மீட்டர் இறங்கி வருகிறது. அந்த உயரத்திலிருந்து வரும் நீரின் அழுத்தத்தில் எஃகுக் குழாய்க்கு என்ன ஆகும் என்பதற்கு 2000 டிசம்பர் சாட்சி: குழாய் வெடித்து மலைச்சரிவை அடித்துக்கொண்டு போனது, மூன்று பேர் இறந்தார்கள், நிலையம் திரும்ப ஓட 2010 ஆயிற்று. நீர்மின்சாரம் ஆபத்தே இல்லாதது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூனில் 68.7 சதவீதம் ஆதரவோடு நிறைவேறிய மின்சாரச் சட்டத்தில் பதினாறு நீர்மின் திட்டங்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. குளிர்காலத்துக்குக் கூடுதலாக 200 கோடி யூனிட்டை ஏரியில் ஒதுக்குவது நோக்கம். இவற்றில் பெரியது செர்மாட்டுக்கு மேலே கோர்னெர்லி, அது ஒன்றே 65 கோடி யூனிட். கிரிம்செல் ஏரியின் அணையை 23 மீட்டர் உயர்த்தினால் 24 கோடி. த்ரிஃப்ட்டில் புதிய அணை கட்டினால் ஏறக்குறைய 21 கோடி.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் இவை புதிதாக உற்பத்தியாகும் யூனிட்டுகள் இல்லை. கோடையில் ஓடி வீணாகவோ மலிவாகவோ போகும் நீரைப் பிடித்துக் குளிர்காலத்துக்குத் தள்ளி வைப்பதுதான் வேலை. ஆனால் நமக்குத் தேவை அதுவே, குளிர்கால யூனிட் என்ற அளவுகோலில் அணைக்கு முழு மதிப்பெண். இதோடு, நீரை மேல் ஏரிக்கு ஏற்றிப் பிறகு இறக்கிக் கரண்ட் எடுக்கும் பம்ப் நிலையங்களைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். 2022-ல் திறந்த நான் டு டிரான்ஸ் 900 மெகாவாட் திறனுள்ளது, கட்ட 14 ஆண்டு பிடித்தது, அருமையான நிலையம், ஆனால் அதன் மேல் ஏரி தாங்குவது 2 கோடி யூனிட்தான். முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். மதிய வெயிலை இரவுக்கு மாற்ற அது உதவும், ஜூலை வெயிலை ஜனவரிக்கு மாற்ற உதவாது.

மூன்றில் எது முதலில்? கோர்னெர்லி என்றே சொல்வேன். பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் அணை வருகிறது, கீழே உள்ள செர்மாட் ஊருக்கு வெள்ளத் தடுப்பாகவும் இருக்கும், அங்கே பிடிக்கும் நீரைப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் பெரிய ஏரிகளுக்கும் நிலையங்களுக்கும் அனுப்பலாம். கிரிம்செலில் இருக்கும் ஏரியைத்தான் உயர்த்துகிறார்கள், ஆனால் கரையில் உள்ள பழைய மரங்களும் சதுப்பு நிலமும் மூழ்கும் என்று பல ஆண்டாக எதிர்ப்பும் வழக்கும் நடந்திருக்கின்றன. த்ரிஃப்ட்தான் மனதை உறுத்துவது. முப்பது ஆண்டுக்கு முன் அங்கே பனியாறு படுத்திருந்தது, இப்போது ஒரு ஏரி, மேலே 170 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்கு பாலம், சுற்றிலும் பனி விலகிய பாறையில் முதன்முதலாகச் செடி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. அப்படித் தானாக உருவாகும் பள்ளத்தாக்குகள் ஆல்ப்ஸில் இனி அதிகம் கிடைக்காது. அங்கே 177 மீட்டர் அணை கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், மற்ற இரண்டும் முடிந்த பிறகு, கடைசியாக வரட்டும்.

வெயிலுக்கு வருவோம். 2024-ல் சூரிய மின்சாரம் 600 கோடி யூனிட்டை எட்டி நாட்டுத் தேவையில் பத்து சதவீதத்தைத் தொட்டது, இது சாதாரண வளர்ச்சியில்லை. ஆனால் சமவெளியில் உள்ள கூரைப் பலகை தன் ஆண்டு உற்பத்தியில் கால் பங்கோ சற்றுக் கூடவோதான் குளிர்காலத்தில் தரும். ஆர்காவ், சோலோதூர்ன் பக்கம் வாழ்கிறவர்களுக்கு நவம்பர் மூடுபனியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, சில வாரம் சூரியனையே காணமுடியாது.

அந்த மூடுபனிக்கு மேலே போய்விட்டால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் மலைச் சோலார். கிளாருஸ் மாநிலத்தில் 2,500 மீட்டரை ஒட்டிய உயரத்தில் முட்சே ஏரியின் அணைச் சுவர் தெற்கு நோக்கி வளைந்து ஒரு கிலோமீட்டருக்கு நிற்கிறது. அந்தச் சுவரிலேயே 5,000 பலகைகளைச் சரிவாகப் பொருத்தியிருக்கிறார்கள். சரிவு அதிகம் என்பதால் பனி தங்காமல் வழுக்கி விழும், சுற்றியுள்ள வெண்பனி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், குளிரில் பலகையின் திறனும் கூடும். ஆண்டுக்கு 33 இலட்சம் யூனிட், அதில் பாதி குளிர்காலத்தில். வேலை செய்யக்கூடியது என்று நிரூபித்துவிட்டார்கள்.

அதைப் பார்த்துத்தான் 2022-ல் நாடாளுமன்றம் மலையில் பெரிய சோலார் பூங்கா கட்டுவோருக்குச் செலவில் 60 சதவீதம் வரை மானியம் என்று அவசரச் சட்டம் போட்டது. பிறகு நடந்தது என்ன? வாலிஸ் மாநில மக்கள் 2023 செப்டெம்பரில் அதை விரைவுபடுத்தும் மாநிலச் சட்டத்தை 54 சதவீதத்தால் தள்ளிவிட்டார்கள். கிரெங்கியோல்ஸ் ஊரில் 60 கோடி யூனிட் என்று பேசப்பட்ட திட்டம் 11 கோடியாகச் சுருங்கியது. பல ஊர்கள் வேண்டாமென்றே சொல்லிவிட்டன. எனக்கு அந்த ஊர்க்காரர்கள்மேல் கோபமில்லை. பாதை இல்லாத சரிவில் ஹெலிகொப்டரில் இரும்பு இறக்கி, ஆண்டுக்கு நான்கைந்து மாதம் மட்டும் வேலை செய்து, கீழே கரண்டைக் கொண்டுவரப் புதிதாகக் கம்பி இழுக்கும் செலவைப் பார்த்தால், ஏற்கெனவே கம்பியும் பாதையும் இருக்கும் அணைச் சுவர்கள், கேபிள் கார் நிலையங்கள், பனிச்சரிவுத் தடுப்புகள் இவற்றில் பொருத்துவதே புத்தி. அதோடு, சமவெளிக் கூரைகளை லேசாக நினைக்காதீர்கள். பத்து வீட்டுக் கூரை ஜனவரி மதியத்தில் கொடுக்கும் கொஞ்சக் கரண்டும், அந்த நேரத்துக்கு மலையேரியில் அத்தனை நீரைத் திறக்காமல் வைத்திருக்க விடுகிறது. சேமித்த நீர் மார்ச்சில் வேலைக்கு வரும். சோலாரும் அணையும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை, சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சட்டம் 2035-க்கு வைத்த இலக்கு நீரைத் தவிர்த்த புதுப்பிக்கத்தக்க வழிகளில் 3,500 கோடி யூனிட். அதில் பெரும்பகுதி வெயிலிலிருந்து வந்தால், கால் பங்கு குளிர்காலத்துக்கு விழுந்தாலும் 700, 800 கோடி. 1,300 கோடிக்கு மாற்றுத் தேடும் இடத்தில் அது சின்னத் தொகை இல்லை.

காற்றைக் கடைசிக்குத் தள்ளி விடுவதுதான் சுவிஸ் வழக்கம். என் பட்டியலில் அது முன்னால் வருகிறது, காரணத்தைச் சொல்கிறேன்.

வோ மாநிலத்தின் ஜூரா மலையில் சேன் க்ருவா என்ற ஊரில் ஆறு காற்றாலைகள் 2023 கடைசியிலிருந்து சுற்றுகின்றன. ஆறும் சேர்ந்து ஆண்டுக்கு 2 கோடியே 20 இலட்சம் யூனிட் என்று திட்டம். ஒன்றுக்கு 36 இலட்சத்துக்கு மேல். காற்றில் மூன்றில் இரண்டு பங்கு குளிர்காலத்தில் வருவது இந்த நாட்டின் இயல்பு, அப்படியானால் ஒரு காற்றாலை குளிர்காலத்துக்கு 24 இலட்சம் யூனிட். முட்சே அணைச் சுவரில் 5,000 பலகையும் சேர்ந்து குளிர்காலத்துக்குத் தருவது 16 இலட்சத்து ஐம்பதாயிரம். ஒரு தூண், மூன்று இறக்கை, அத்தனை பலகையையும் மிஞ்சுகிறது, அதுவும் இரவிலும் மூடுபனியிலும். பெரிய இயந்திரங்கள் இப்போது இதைவிட அதிகமாகவே தருகின்றன.

இவ்வளவு இருந்தும் நாட்டில் மொத்தக் காற்றாலை நாற்பத்துச் சொச்சம், மின் உற்பத்தியில் அரை சதவீதம்கூட இல்லை. அதே ஆல்ப்ஸ் மலையைப் பகிர்ந்துகொள்ளும் ஒஸ்திரியாவில் ஆயிரத்துக்கும் மேல் நிற்கின்றன. காற்று இல்லாமல் இல்லை, அனுமதி இல்லாமல்தான் இந்த நிலை. சேன் க்ருவாவின் திட்டம் 1990-களின் கடைசியில் தொடங்கியது. 2012-ல் ஊர் மக்களில் பாதிக்கு மேல் சரி என்றார்கள். அதன்பிறகும் மேல்முறையீடு மேல் மேல்முறையீடு, 2021-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்தது. யோசனையிலிருந்து கரண்டுக்கு இருபத்தைந்து ஆண்டு. கட்டும் வேலை என்று எடுத்தால் ஒன்றிரண்டு ஆண்டுதான். அணுவுக்கு இருபது ஆண்டு வேண்டும் என்றால் அது கான்கிரீட்டும் எஃகும் கேட்கும் காலம். காற்றாலைக்கு இருபத்தைந்து ஆண்டு என்றால் அது நாம் விதித்த காலம், நாமே குறைக்கவும் முடியும். பெரிய திட்டங்களின் அனுமதியைச் சுருக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-ல் நிறைவேற்றியிருக்கிறது. அது பலிக்குமா என்பது மாநிலங்கள் கையில்.

காட்சி கெடும், பறவைகள் அடிபடும், சத்தம் வரும் என்ற கவலைகள் உண்மையானவை. பறவைகளும் வௌவால்களும் கடக்கும் வாரங்களில் இயந்திரத்தை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது, வீடுகளிலிருந்து தூரம் விடுவதும் விதிதான். காட்சிக்குப் பதில் எதுவும் கிடையாது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று: காற்றாலையை இருபத்தைந்து, முப்பது ஆண்டில் கழற்றி எடுத்துவிட்டால் மலை பழையபடி இருக்கும். மூழ்கிய பள்ளத்தாக்கைப் பற்றியும் கதிரியக்கக் கழிவைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

எரிவாயுவை விரைவாக முடித்துவிடலாம். 2022-ல் ரஷ்யாவின் போரும் பிரான்ஸின் அணு உலைகளில் குழாய்த் துருவும் சேர்ந்து பயமுறுத்திய நேரத்தில், ஆர்காவின் பிர் ஊரில் எட்டு டர்பைன்களோடு 250 மெகாவாட் அவசர நிலையத்தைச் சில மாதத்தில் நிறுத்தினார்கள். பல கோடி பிராங் போனது, அந்தக் குளிர்காலத்தில் நெருக்கடி வராததால் ஓட்ட வேண்டி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போட்ட வழக்கில், பற்றாக்குறை வரும் என்பதற்குப் போதுமான ஆதாரத்தை அரசு காட்டவில்லை என்று 2024-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காப்புறுதி என்ற அளவில் அப்படி ஒன்று இருக்கட்டும். முழு வேகத்தில் ஒரு மாதம் ஓடினாலும் 18 கோடி யூனிட்தான், அதுவும் கரியமில வாயுவோடு. அதைவிட மலிவான காப்புறுதி, ஏரிகளில் ஒரு பங்கு நீரைக் கடைசி நேரத்துக்கு என்று விற்காமல் ஒதுக்கி வைப்பது. 2022 குளிர்காலத்திலிருந்து அதைச் செய்கிறார்கள்.

அப்புறம் இறக்குமதி. சுவிஸ் தனியாக நிற்கும் மின்தீவு இல்லை. 1958-ல் ரைன் கரை லவ்ஃபென்பூர்க்கில்தான் சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் மூன்றின் மின்வலைப்பின்னலும் முதலில் இணைந்தன. இன்று நாற்பதுக்கும் மேல் கம்பிகள் எல்லை தாண்டுகின்றன. எவ்வளவு நெருக்கமான இணைப்பு என்பதை 2003 செப்டெம்பர் 28 காட்டியது. அதிகாலை மூன்று மணிக்கு லுக்மானியர் கணவாய் வழியாகப் போகும் கம்பியில் சுமை ஏறி, கம்பி சூடாகித் தொய்ந்து, அதிலிருந்து மின்சாரம் ஒரு மரத்துக்கு மின்னல்போல் பாய்ந்தது. அந்தக் கம்பி போனதும் அதன் சுமை அடுத்த கம்பிக்கு ஏறியது, அரைமணி நேரத்துக்குள் அதுவும் போனது, அதைத் தொடர்ந்து சார்டினியாத் தீவு தவிர இத்தாலி முழுவதும் இருண்டது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட மக்கள். சுவிஸ் மலையில் ஒரு மரம்.

ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் இல்லாததால், ஒன்றியம் தன் நாடுகளுக்கிடையில் செய்யும் வணிகத்தின் மின்சாரம் சுவிஸ் கம்பிகள் வழியாகத் திட்டமில்லாமல் ஓடுகிறது. நாட்டின் மின்வலைப்பின்னலை நடத்தும் சுவிஸ்கிரிட் நிறுவனம் அதைச் சமாளிக்க மலையேரி நிலையங்களை ஏற்றி இறக்குகிறது, குளிர்காலத்துக்கு வைத்த நீர் அதில் கரைகிறது. எல்லை தாண்டும் திறனில் 70 சதவீதத்தைத் தங்களுக்குள் வணிகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒன்றிய நாடுகளுக்கு விதி இருப்பதால், நெருக்கடியில் சுவிஸுக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்வியும் இருக்கிறது. 2024 டிசம்பரில் பேச்சுவார்த்தை முடிந்த மின்சார ஒப்பந்தம் இந்த இரண்டையும் தீர்க்கும். பதிலுக்கு வீட்டுப் பாவனையாளர்களும் மின் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும்படி சந்தையைத் திறக்க வேண்டும், விரும்பியவர்கள் ஊரின் பழைய நிறுவனத்தின் ஒழுங்குபடுத்திய விலையிலேயே தொடரலாம். தொழிற்சங்கங்களுக்கு இதில் அச்சம் உண்டு, பொது நிறுவனங்களைச் சந்தை தின்றுவிடும் என்று. நான் அதை லேசாக எடுக்கவில்லை, ஆனாலும் ஆதரித்தே வாக்களிப்பேன். இந்தப் பட்டியலில் ஒரு கல் பெயர்க்காமல் குளிர்காலத்துக்கு உறுதி சேர்க்கும் வழி இது ஒன்றுதான். பிரான்ஸையே நம்பியிருக்க முடியாது என்று 2022 சொல்லிக்கொடுத்ததும் உண்மை, ஆகவே ஒப்பந்தம் வந்தாலும் உள்நாட்டு உற்பத்தியைத் தள்ளிப்போட முடியாது.

என் வரிசை இப்படி: முதலில் காற்றாலை அனுமதியும் ஐரோப்பிய ஒப்பந்தமும், கூடவே கூரையும் சுவரும் கிடைக்கும் இடமெல்லாம் சோலார், அணைகளில் கோர்னெர்லி, பிறகு கிரிம்செல். பழைய உலைகள் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சரி என்னும் வரை. புதிய உலைக்கு இப்போது பணமும் காலமும் ஒதுக்குவது மற்ற எல்லாவற்றையும் தாமதப்படுத்தும் என்பதால் இல்லை என்பேன்.

வாக்குரிமை இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் இருக்கிறோம், கூரை நம்முடையதில்லை. ஆனால் பல்கனிக் கம்பியில் மாட்டி மின்செருகியில் இணைக்கும் சோலார் 600 வாட் வரை இங்கே அனுமதிக்கப்பட்டது. வீட்டுக்காரரிடம் சம்மதமும் ஊர் மின் நிறுவனத்துக்கு ஓர் அறிவிப்பும் போதும். தெற்கு நோக்கிய பல்கனியில் செங்குத்தாக மாட்டினால் குளிர்காலத்தின் தாழ்ந்த வெயில் நேராக விழும், கோடையில் கொஞ்சம் குறைந்தாலும் டிசம்பரில் கூரைப் பலகையைவிட நல்ல பங்கு வரும். 2026 ஜனவரியிலிருந்து இன்னொன்றும் சாத்தியம்: ஒரே கெமைண்டேக்குள், அதாவது ஒரே ஊராட்சி எல்லைக்குள், கூரை உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து மின்சாரச் சமூகம் அமைத்துத் தங்களுக்குள் கரண்டை விற்று வாங்கலாம், வலைப்பின்னல் கட்டணத்தில் 40 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் நம் கோவில்களும் கடைகளும் சங்கங்களும் தங்கள் கெமைண்டேயின் மின் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, நம் கட்டடத்தில் இதைத் தொடங்க என்ன வேண்டும் என்று இந்த மாதமே கேட்கலாம்.